விநாடிக்குப் பத்து, விநாடிக்கு இரண்டு

தம்பி,

போன வாரம் நீ கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டு ஒரு கணக்குக் கேட்டாய். பழைய தொழிற்சாலை ஒன்றின் பதிவுகளைப் பத்திரப்படுத்தும் வேலை உங்கள் கம்பெனிக்கு வந்திருக்கிறது, எல்லாம் அந்தக் காலத்து ஸ்கஸி வகைக் கணினி டிஸ்க்குகளில் இருக்கின்றன, அந்த இடத்துக்கு இன்னும் ஒரு பழைய ஈ-ஒன் தொலைபேசி லைன்தான் ஓடுகிறது என்று சொன்னாய். டிஸ்க்கில் இருப்பதை அந்த லைன் வழியாக இழுத்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாய். "டிஸ்க் படிக்கிற நேரத்துக்கு நாப்பது மடங்கு" என்று நான் மூச்சு விடுவதற்குள் சொன்னேன். "என்னப்பா, கால்குலேட்டர முழுங்கிட்டீங்களா?" என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தேன். நம் கெலுகோர் வீட்டுச் சன்னலிலிருந்து பாலம் தெரியும் அல்லவா, மழைக்கு முந்தைய மூட்டத்தில் அது தண்ணீரின் மேல் பாதி தூரம் போய் எங்கோ கரைந்துவிட்டது போல இருந்தது. கார்கள் ஒவ்வொன்றாக அந்த வெள்ளைக்குள் போய்க்கொண்டிருந்தன. அந்த நாற்பது எனக்கு எப்படி மனப்பாடமானது என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுங்கை பாக்காப்பிலிருந்து பஸ் பிடித்து பட்டர்வொர்த் வந்து, ஃபெரியில் கடலைத் தாண்டித் தீவுக்கு, ஜார்ஜ்டவுன் போவேன். எங்கள் தொலைபேசி நிலையத்தின் மேல்மாடியில் கருவிகள் ஆளுயரத்துக்கு வரிசை வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றிலும் பச்சை விளக்குகள். குளிர்சாதனத்தின் இரைச்சலும் கருவிகளின் முனகலும் சேர்ந்து கப்பலின் அடித்தளத்தில் நிற்பது போன்ற ஒரு மயக்கம் வரும். மதிய நேரத்தில் அந்த வரிசைகளுக்கு நடுவே நடக்கும்போது, முழுத் தீவும் என் காலுக்குக் கீழே பேசிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஒரு ஈ-ஒன் லைனில் முப்பது பேர் ஒரே சமயத்தில் பேசலாம், விநாடிக்கு இரண்டு மெகாபிட். எங்கள் அகராதியில் எல்லாமே பிட்தான். குரலும் பிட், ஃபாக்ஸும் பிட், வங்கிக் கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதும் பிட். வேறு ஓர் அளவு உலகத்தில் இருக்கிறது என்று நான் அக்கறைப்பட்டதே இல்லை.

உன் அம்மாவை ஃபெரியில்தான் முதலில் பார்த்தேன். இதை நீ நூறு தடவை கேட்டிருக்கிறாய். தொழிற்சாலை பஸ்ஸைத் தவறவிட்டு, வெளிர் நீலச் சட்டையில், கம்பியைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீ கேட்காத ஒரு பகுதி இருக்கிறது. அன்றைக்கு நான் என் வேலையைப் பற்றி அவளிடம் பெரிதாக அளந்தேன். லைன், சிக்னல், கேபிள் என்று. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க அனுப்புறதெல்லாம் அந்தப் பக்கம் போய் எங்க தங்கும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அனுப்புவதோடு என் வேலை முடிந்தது. "எங்க ஃபேக்டரியில செய்றதுலதான் தங்கும்" என்று அவளே சொன்னாள். பாயான் லெப்பாஸில் அவள் வேலை செய்த இடத்தில் கணினிகளுக்கான டிஸ்க் செய்தார்கள். அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்துப் போனது. பட்டர்வொர்த் பின்னால் சிறுத்துக்கொண்டே போக, முன்னால் ஜார்ஜ்டவுன் வெயிலில் மிதந்து வர, நடுக்கடலில் அந்தப் பெண் என் வேலைக்கு ஒரு மறுகரையைக் காட்டினாள் என்று தோன்றியது. அடுத்த ஆண்டு கல்யாணம் செய்துகொண்டோம்.

நீ தடிகாவுக்கு, பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த வருஷம் அம்மா டெஸ்ட் ரூமில் இருந்தாள். முதல் ஆறு வருஷம் வெறும் ஆப்பரேட்டர், பிறகு கை சுத்தம், கண் கூர்மை, கணக்குத் தப்பாது என்று பெயர் வாங்கி அங்கே போனவள். அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். இரும்பு அடுக்குகளில் நூற்றுக்கணக்கான டிஸ்க்குகள் இளஞ்சூட்டில் சுழன்றுகொண்டே இருக்கும். அந்தச் சத்தம் தூரத்துக் கூரையில் மழை பெய்வது போல இருக்கும். உள்ளே நுழைந்த இரண்டு நிமிடத்தில் யாருக்கும் தூக்கம் வரும், அம்மாவுக்கு மட்டும் வராது. அந்த மழைச் சத்தத்துக்குள் ஒரே ஒரு டிஸ்க் வேறு மாதிரி முனகினால்கூட அவள் தலை திரும்பிவிடும். அந்த வருஷக் கடைசியில் அவளை டெக்னீஷியன் பயிற்சிக்கு அனுப்புவதாக மேனேஜர் மிஸ்டர் ஓங் சொல்லியிருந்தார். ஆறு மாதப் படிப்பு. அவள் வீட்டில் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை, ஆனால் ஒரு புது நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதி, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள்.

அப்போதுதான் அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு ஈ-ஒன் லைன் போட உத்தரவு வந்தது. போட வந்தவன் நான். இரண்டு நாள் வேலை. என் பெண்டாட்டியின் வேலையிடத்துக்குள் கழுத்தில் பாஸ் தொங்க நுழைந்ததில் எனக்கு ஏற்பட்ட பெருமையை இப்போது நினைத்தால் காது சூடாகிறது. அவர்களுக்கு அந்த லைன் எதற்கென்றால், ஒவ்வொரு தடவையும் பெரிய தொகுதி டிஸ்க்குகள் விமானம் ஏறும் முன், அவற்றின் சோதனைப் பதிவுகள் முழுவதும் கோலாலம்பூரில் இருக்கும் வாங்குபவர்களின் ஆபீஸுக்குப் போயாக வேண்டும். அவர்கள் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் சரக்கு ஏறும். அதுவரை ஓர் ஆள் காலை விமானத்தில் ஆறு பதிவு டிஸ்க்குகளைப் பையில் போட்டு எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். இனி லைன் வந்துவிட்டது, ஆள் போக வேண்டாம் என்று மிஸ்டர் ஓங் நினைத்தார்.

இரண்டாம் நாள் மதியம் கேன்டீனில் உட்கார்ந்திருந்தோம். நான், என்னோடு வந்த இரண்டு பேர், மிஸ்டர் ஓங், அம்மா. அவர் அம்மாவிடம், லைனில் அனுப்பினால் ஆறு டிஸ்க்குக்கும் எவ்வளவு நேரம் ஆகும், நாளைக் காலைக்குள் எனக்குச் சொல் என்று சொல்லிவிட்டுத் தேநீர் வாங்க எழுந்து போனார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, எவ்ளோ ஆகும்?"

"டிஸ்க் எவ்ளோ வேகமாப் படிக்கும்?"

"வினாடிக்குப் பத்து மெகா. ஒரு டிஸ்க்க முழுசாப் படிக்க ரெண்டு நிமிஷம்."

"லைன் வினாடிக்கு ரெண்டு மெகா. பத்துல ரெண்டு, அஞ்சு மடங்கு. ஒரு டிஸ்க்குக்குப் பத்து நிமிஷம். ஆறு டிஸ்க் ஒரு மணி நேரம். முடிஞ்சுபோச்சு."

அவள் உடனே தலையாட்டவில்லை. மேசையில் சிந்தியிருந்த தேநீரில் விரலால் ஏதோ எழுதினாள். "எங்களது பெரிய பி. பைட். உங்க லைன்ல போட்டிருக்கிறது சின்ன பி மாதிரி இருந்துச்சே? ரெண்டும் ஒண்ணாங்க?" என்று கேட்டாள். அதற்குள் மிஸ்டர் ஓங் கோப்பையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். என்னோடு வந்த இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்வதற்குப் பதிலாக நான் சிரித்தேன். "எல்லாம் ஒண்ணுதான் புஷ்பா. லைன் விஷயம் எனக்குத் தெரியாதா? நீ போய்ச் சொல்லு" என்றேன். அவள் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டும் ஒன்றல்ல என்று உனக்குத் தெரியும். ஒரு பைட்டுக்குள் எட்டு பிட். டிஸ்க் விநாடிக்குப் பத்து மெகாபைட் தந்தால் அது எண்பது மெகாபிட். லைனோ விநாடிக்கு இரண்டுதான் வாங்கும். ஐந்து மடங்கு அல்ல, நாற்பது மடங்கு. ஒரு டிஸ்க்குக்கு எண்பது நிமிடம். ஆறு டிஸ்க்குக்கு எட்டு மணி நேரம். நான் ஒரு மணி நேரம் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் ஒரு வியாழக்கிழமை. முதல் தடவையாக யாரும் விமானத்தில் போகவில்லை. காலை ஒன்பது மணிக்கு அம்மா முதல் டிஸ்க்கை மாட்டி அனுப்பத் தொடங்கினாள். பன்னிரண்டு மணிக்குள் எல்லாம் கோலாலம்பூரில் இருக்க வேண்டும், நாலு மணிக்குச் சரக்கு விமானம். பத்தரை மணிக்கு எங்கள் நிலையத்துக்குப் போன் வந்தது, புது லைன் மெதுவாக இருக்கிறது, ஆள் அனுப்புங்கள் என்று. போட்டவன் நான், அதனால் நானே போனேன். வழியெல்லாம் வெயில், கடல் ஓரமாக வலைகள் காய்ந்துகொண்டிருந்தன, எனக்கு ஒரு கவலையும் இல்லை. எங்கேயாவது ஒரு முனை தளர்ந்திருக்கும், இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

சோதனைக் கருவியை மாட்டிப் பார்த்தேன். லைனில் ஒரு பிழைகூட இல்லை. இரண்டு மெகாபிட்டும் சொட்டு சிந்தாமல் போய்க்கொண்டிருந்தது. கணினித் திரையில், எத்தனை பைட் போயிருக்கிறது என்று ஓர் எண் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நான் அந்த எண்ணையும் என் கருவியில் இருந்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒன்றை எட்டால் பெருக்கினால் மற்றது வந்தது. தம்பி, அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சுற்றிலும் டிஸ்க்குகள் மழை மாதிரி முனகிக்கொண்டிருந்தன. யாரோ என்னை வெகு தொலைவிலிருந்து பார்ப்பது போலவும், நான் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் நிற்பது போலவும் இருந்தது. மணி பன்னிரண்டானபோது இரண்டு டிஸ்க் போய் மூன்றாவதில் கால்வாசி போயிருந்தது.

மிஸ்டர் ஓங் கத்தவில்லை. அவர் கத்துகிறவர் இல்லை. மதிய விமானத்துக்கு ஓர் ஆளை மீதி டிஸ்க்குகளோடு ஓட விட்டிருந்தார், பன்னிரண்டு தாண்டிவிட்டதால் அது பயன்படாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. கையில் ஒரு தாளோடு வந்து நின்று, "லைன் கோளாறா?" என்று என்னிடம் கேட்டார். "லைன் ஓகே சார்" என்றேன். அது உண்மை. பிறகு அம்மாவிடம் மலாய் மொழியில், ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டது யார் என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "சாயா யாங் கிரா, போஸ்" என்றாள். நான்தான் கணக்குப் போட்டேன்.

நான் கருவியின் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மெதுவாக, ஒழுங்காக, ஒவ்வொரு சுற்றும் ஒரே அளவாக வரும்படி சுருட்டினேன். பெட்டியை மூடினேன். படிவத்தில் "கோளாறு எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மிஸ்டர் ஓங்கும் அதில் கையெழுத்துப் போட்டார். நான் வேனில் ஏறிப் போய்விட்டேன். இவ்வளவுதான் நடந்தது. என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே மோசமான காரியத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தத் தொகுதிக்குப் பதிலாக வாங்குபவர்கள் வேறு இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மேலே எழுதி அனுப்பிய அறிக்கையில் அம்மாவின் பெயர் இருந்தது. பயிற்சி இடம் வேறொருவருக்குப் போயிற்று. அவளைத் திரும்பவும் உற்பத்திப் பகுதிக்கு, ஷிப்டுக்கு அனுப்பினார்கள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை, கண் மட்டும் வெளியே. ஒன்பது வருஷம் அவள் அந்த உடைக்குள் இருந்தாள். உனக்கு அது நினைவிருக்கும். பள்ளிவிட்டு வந்தால் அம்மா கூடத்தில் பாய் போட்டுத் தூங்கிக்கொண்டிருப்பாள், சத்தம் போடாதே என்று நான் உதட்டில் விரல் வைப்பேன். நீ அவள் உள்ளங்காலில் பென்சிலைக் கார் மாதிரி ஓட்டுவாய். அவள் தூக்கத்திலேயே சிரிப்பாள். விசிறி சுற்றும், திரைச்சீலை ஊதி ஊதி அடங்கும், வெளியே யாரோ ரொட்டி விற்கும் மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு போவார். அந்த மதியங்கள் எனக்குக் கனவு போலத்தான் நினைவிருக்கின்றன. அழகான கனவுதான். ஆனால் அதற்குள் நான் குற்றவாளியாக உட்கார்ந்திருந்தேன். அதே வருஷம் எனக்குப் பதவி உயர்வு வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். போட்ட லைன்களில் கோளாறே இல்லை என்று பாராட்டினார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை, ஆனால் செய்ய வேண்டியதையும் செய்யவில்லை. ஆபீஸில் உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டேன். இடப்பக்கம் டிஸ்க் வகைகள், வலப்பக்கம் லைன் வகைகள், நடுவில் எத்தனை மடங்கு. அப்போதுதான் பல விஷயங்கள் புரிந்தன. நாங்கள் முப்பத்துநாலு என்று சொல்லும் ஈ-த்ரீ லைன், பைட் கணக்கில் நாலுக்குச் சற்று மேல்தான். மேசைக் கணினியில் இருக்கும் சாதாரண டிஸ்க் முப்பத்துமூன்று மெகாபைட். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் நடுவில் எட்டு மடங்கு பள்ளம். நாங்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் நூற்றைம்பத்தைந்து மெகாபிட் ஃபைபர்கூட, நல்ல ஸ்கஸி டிஸ்க் ஒன்றின் இருபது மெகாபைட்டைத் தொடாது. இளம் டெக்னீஷியன்கள் அந்த அட்டவணையை நகலெடுத்துத் தங்கள் பெட்டிகளில் ஒட்டிக்கொண்டார்கள். "அண்ணே, இது ரொம்ப உதவி லா" என்பார்கள். யாரும் தப்புக் கணக்குப் போடாமல் இருக்க நான் அக்கறை எடுத்துக்கொண்டேன் என்று நினைத்தார்கள். வீட்டில் ஒருத்தியிடம் சொல்ல வேண்டிய மூன்று வார்த்தையைச் சொல்லத் தைரியம் இல்லாதவன் அட்டவணை போட்டான், அவ்வளவுதான்.

அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை. தொழிற்சாலை அந்தப் பிரிவை மூடியபோது அவள் அழவும் இல்லை. பட்டர்வொர்த்தில் ஒரு சின்னக் கணினிக் கடையில் சேர்ந்தாள், கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து ஜனங்களின் கல்யாணப் படங்களையும் கடிதங்களையும் மீட்டுக் கொடுக்கும் வேலை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டாள். காதருகில் டிஸ்க்கை வைத்துச் சுழலவிட்டு, இது பிழைக்கும், இது பிழைக்காது என்று சொல்வாள். அங்கே அவளுக்கு "டிஸ்க் அக்கா" என்று பெயர். தீவிலிருந்துகூட ஆட்கள் தேடி வந்தார்கள். அதையெல்லாம் பார்த்து, எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இப்போது ஏன் இதைக் கிளறுகிறேன் என்றால், போன மாதம் நீ சங்கீதாவை வீட்டுக்கு அழைத்து வந்தாய். மண்டபத்துக்கு ஐநூறு என்று சொல்லியாகிவிட்டது என்றாய். அவள், "ஐநூறுன்னா ஐநூறு பேரா, ஐநூறு குடும்பமா? ஒரு கார்டுக்கு ஒரு குடும்பமே வருமே?" என்று கேட்டாள். நீ கைபேசியைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் ஒண்ணுதான்மா, எனக்குத் தெரியும்" என்றாய். அவள் வாயை மூடிக்கொண்டு தட்டைப் பார்த்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். என் குரல் உன் வாயிலிருந்து வந்தது போல இருந்தது. அன்றைக்கே உன்னைத் தனியே கூப்பிட்டிருக்க வேண்டும். பழைய பழக்கம், பேசாமல் இருந்துவிட்டேன். அவள் ஈப்போவிலிருந்து நமக்குத் தெரியாத ஓர் உலகத்தோடு வருகிறாள். அவளுடைய அளவுகள் வேறாக இருக்கும். அவள் கேள்வி கேட்டால் உன் அறிவைச் சோதிக்கிறாள் என்று நினைக்காதே. உன்னோடு சேர்ந்து அந்த வேலை நன்றாக முடிய வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். நாலு பேர் நடுவில் சொல்ல வேண்டி வந்தால் அப்போதும் சொல். அந்த ஒரு நொடி கூச்சம் போய்விடும். சொல்லாததுதான் போகாது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் அழைப்பிதழ் கொடுக்கப் போனோம். புலாவ் தீக்குஸில் மிஸ்டர் ஓங் இருக்கிறார், அவருக்கும் ஒன்று கொடுக்க வேண்டும் என்று அம்மாதான் சொன்னாள். எண்பதைத் தாண்டிவிட்டார். வாசலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பறவைக் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவை உடனே அடையாளம் கண்டுகொண்டார், கையைப் பிடித்துக்கொண்டார். ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தார். அன்றைக்குச் சொல்வேன் என்று நான் நினைத்திருக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது. "சார், அந்த ஒரு மணி நேரக் கணக்கு இவள் போட்டதில்லை. நான் போட்டேன். பைட்டையும் பிட்டையும் ஒன்று என்று சொன்னவன் நான்தான்" என்றேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "எந்தக் கணக்கு? எத்தனையோ சரக்கு போச்சு, எத்தனையோ தவறிப் போச்சு. எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லையே. விடு லா, பழம் சாப்பிடு." அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே அந்த நாள் அவருக்குள் இல்லை. இத்தனை வருஷமாக நான் மனத்துக்குள் அவர் முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்க அங்கே யாரும் இருக்கவில்லை.

காரில் ஏறினோம். கர்னி டிரைவ் ஓரமாக வரும்போது அம்மா, "நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். கடல் வற்றிச் சேறு பளபளத்துக்கொண்டிருந்தது, கொக்குகள் அசையாமல் நின்றன, எதிர்க்கரையில் கெடா மலை நீலமாக, காகிதத்தில் வரைந்தது போல. அவள் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.

"அவர்கிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

"உன் பேரு கெட்டுப்போச்சே, அதுக்காகத்தான்."

"அன்னைக்கு 'சாயா யாங் கிரா'ன்னு சொல்றதுக்கு முன்னாடி உங்க முகத்தப் பாத்தேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. என்னக் காப்பாத்தத்தான் நீ அப்படிச் சொன்னேன்னு நெனச்சேன்."

"காப்பாத்தவா?" அவள் கடலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான் அப்படிச் சொன்னா, 'இல்ல சார், நான்தான்'னு நீங்க உடனே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். அதுக்கு எடம் விட்டேன். நீங்க வயரச் சுருட்டிக்கிட்டே நின்னீங்க."

நான் வண்டியின் எஞ்சினை அணைத்தேன்.

"படிப்பு போனதுகூடப் பரவாயில்லைங்க. அந்த வெள்ளைச் சட்டையும் பரவாயில்ல. அதுக்கப்புறம் உங்ககிட்ட எதையும் கேக்கணும்னே எனக்குத் தோணல. எது வந்தாலும் நானே கணக்குப் போட்டுக்கிட்டேன். இத்தன வருஷத்துல ஒரு தடவையாச்சும் உங்ககிட்ட ஏதாவது கேட்டிருக்கேனா? கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை, தம்பி. யோசித்துப் பார்த்தேன். உன் பள்ளி, என் அறுவை சிகிச்சை, வீடு மாறியது, அவள் வேலை மாறியது, எல்லாவற்றையும் அவளே முடிவு செய்து என்னிடம் தகவலாகச் சொன்னாள். என் பெண்டாட்டி தொல்லை தராதவள், அமைதியானவள் என்று நான் மற்றவர்களிடம் பெருமை பேசியிருக்கிறேன். அது அமைதி இல்லை என்று அந்தக் கடல் ஓரத்தில்தான் தெரிந்தது. "நான்தான் தப்பு புஷ்பா. அன்னைக்குப் பேசாம நின்னது அதவிடப் பெரிய தப்பு. மன்னிச்சிரு" என்றேன். அவள் அழுதாள். அவள் அழுவதை நான் அதிகம் பார்த்ததில்லை, என்ன செய்வது என்று தெரியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் திரும்பி வரத் தொடங்கியிருந்தது, சேற்றுப் பள்ளங்கள் ஒவ்வொன்றாக நிறைந்துகொண்டிருந்தன. கொக்குகள் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றன.

பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத உங்க மகன்கிட்டச் சொல்லுங்க. சங்கீதா இந்த வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன். மடியில் இருந்த அழைப்பிதழ் கட்டிலிருந்து அடுத்ததை எடுத்து, பெயரைப் படித்தாள். தஞ்சோங் பூங்காவில் ஒரு வீடு, புது ரோடு, இருவரும் போனதில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பி, "என்னங்க, அங்க போக எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கேட்டாள்.

"தெரியலையே புஷ்பா" என்றேன். "போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்."

அவள் சரி என்று தலையாட்டினாள். நான் வண்டியை எடுத்தேன்.

அப்பா